"சிக்க வைத்துவிட்டார்கள்" என்ற வாதம் அண்ணனைக் காப்பாற்றுமா?

கேள்வி: என் அண்ணன் பிர்கா சர்வேயர். உட்பிரிவுப் பட்டாவுக்கு மனு போட்ட ஒருவர் இரண்டு தடவை "செலவுக்கு வச்சுக்குங்க சார்" என்று பணம் நீட்டியிருக்கிறார். அண்ணன் வாங்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன், தாலுகா ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் நோட்டுப் புத்தகத்துக்குள் ஐயாயிரம் ரூபாயைச் செருகிவிட்டார். அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போன நேரத்தில் லஞ்ச ஒழிப்புப் போலீசார் சூழ்ந்துகொண்டார்கள். கையைக் கரைசலில் விட்டதும் நிறம் மாறிவிட்டது. இப்போது ஜாமீனில் இருக்கிறார், வேலையில் சஸ்பெண்ட். வெளிநாடுகளில் போலீசே தூண்டிவிட்டுப் பிடித்தால் வழக்கு நிற்காது என்கிறார்கள். இங்கேயும் அப்படி வாதாட முடியுமா?

பதில்: தம்பி, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு தனி எதிர்வாதம் நம் சட்டத்தில் இல்லை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 14 முதல் 44 வரையிலான பிரிவுகள்தான் பொது விதிவிலக்குகள். தற்காப்பு, சித்த சுவாதீனமின்மை, மிரட்டலுக்கு அடிபணிந்தது எல்லாம் அதில் வரும். "தூண்டிவிட்டுப் பிடித்தார்கள்" என்று ஒன்று வராது.

நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்கச் சட்டம். அங்கே 1932-ல் சாரல்ஸ் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மதுவிலக்குக் காலம். மதுவிலக்கு அதிகாரி ஒருவர் சுற்றுலாப் பயணி வேஷத்தில் வட கரோலினாவில் அவர் வீட்டுக்குப் போகிறார். இருவரும் முதல் உலகப் போரில் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் என்று தெரிய வருகிறது. பழைய போர்க்கதை பேசிக்கொண்டே நடுநடுவே "கொஞ்சம் விஸ்கி கிடைக்குமா" என்று கேட்கிறார். இல்லை என்றாலும் விடவில்லை, மறுபடி கேட்கிறார். கடைசியில் சாரல்ஸ் வெளியே போய் அரை கேலன் வாங்கி வந்து ஐந்து டாலருக்குக் கொடுக்க, அங்கேயே கைது. குற்றம் செய்யும் எண்ணமே இல்லாதவனுக்குள் அரசாங்கமே அந்த எண்ணத்தை விதைத்ததா என்பதை ஜூரி பரிசீலித்திருக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இங்கிலாந்தில் அதுகூடக் கிடையாது. 2001-ல் வந்த லூஸ்லி தீர்ப்பின்படி, போலீஸ் எல்லை மீறியிருந்தால் நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைக்கலாம். ஆனால் தூண்டுதல் என்பது குற்றத்துக்கு எதிர்வாதம் ஆகாது.

நம் ஊரில் இது பேசப்படாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1949-ல் விந்தியப் பிரதேச அமைச்சர் ராவ் சிவ பகதூர் சிங், பன்னா வைரச் சுரங்க விவகாரத்தில் 25,000 ரூபாய் வாங்கியதாக டெல்லியில் பிடிபட்டார். கொடுத்தவரிடம் பணம் இல்லை. அந்தப் பணத்தையே போலீஸ் தரப்புதான் ஏற்பாடு செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் 1954-ல் அதைக் கண்டித்தது. கண்டித்துவிட்டுத் தண்டனையை உறுதி செய்தது! இரண்டு வருடம் கழித்து ராம்ஜனம் சிங் வழக்கில், கேட்கிறவனைப் பிடிக்கப் பொறி வைப்பது வேறு, மறுத்தவனைத் திரும்பத் திரும்ப ஆசை காட்டி விழ வைப்பது வேறு என்று அதே நீதிமன்றம் கோடு போட்டுக் காட்டியது. அந்தக் கோடு இன்றும் உங்களுக்கு உதவும். ஆனால் அதை வைத்து மட்டும் விடுதலை வாங்க முடியாது. போலீசின் நடத்தை சரியில்லை என்று காட்டி, சாட்சிகளின் பேச்சை நம்ப முடியாது என்கிற இடத்துக்கு நீதிபதியைக் கொண்டுபோகத்தான் அது உதவும்.

இப்போது முக்கியமான ஆபத்துக்கு வருகிறேன். "சிக்க வைத்தார்கள்" என்று அண்ணன் வாயைத் திறந்தாலே, "அப்படியானால் வாங்கியது உண்மைதானே?" என்ற கேள்வி எழும். தூண்டப்பட்டேன் என்பவன், செய்தேன் என்று பாதி ஒப்புக்கொள்கிறான். நீங்கள் எழுதியிருக்கிற கதை அதுவல்லவே! அண்ணன் கேட்கவில்லை, வாங்கவும் இல்லை, செருகப்பட்டதைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தார். இந்த இரண்டு வாதமும் ஒரே வண்டியில் பூட்ட முடியாத மாடுகள்.

2022 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு நீரஜ் தத்தா வழக்கில் கொடுத்த தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் கேட்டு விளக்கச் சொல்லுங்கள். லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட வேண்டும். பணம் கைப்பற்றப்பட்டது மட்டும் போதாது. இது உங்களுக்குச் சாதகம். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அதிகாரி கேட்காமலே மனுதாரராக முன்வந்து நீட்டி, அதை அதிகாரி ஏற்றுக்கொண்டாலும் ஊழல் தடுப்புச் சட்டம் 7-வது பிரிவில் குற்றம்தான். "அவராகத்தான் கொடுத்தார்" என்று நம் ஆட்கள் எவ்வளவோ பேர் நீதிமன்றத்தில் அப்பாவித்தனமாகச் சொல்லி மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தப் பிரிவில் குறைந்தபட்சமே மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு. பணத்தை ஏற்றுக்கொண்டது நிரூபணமானால் அது லஞ்சம்தான் என்று 20-வது பிரிவில் அனுமானம் வேறு வந்துவிடும். அப்புறம் இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் அண்ணன் தலையில்.

ஆகவே சண்டை நடக்கப்போவது மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதிவைக்கும் பதிவில். இரண்டு மகஜர் இருக்கும். பணத்தைப் புகார்தாரரிடம் ஒப்படைக்கும்போது எழுதியது ஒன்று, டீக்கடையில் பிடித்தபோது எழுதியது ஒன்று. முதலாவதில் ரூபாய் நோட்டு எண்கள் இருக்கும், அவற்றில் பினாப்தலின் பொடி தடவி, அதைத் தொட்ட கை சோடியம் கார்பனேட் கரைசலில் நிறம் மாறும் என்று செய்முறை காட்டியது இருக்கும். அதோடு, "அவர் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும்" என்று புகார்தாரருக்குச் சொன்ன அறிவுரையும் இருக்கும். கூடவே போன அரசு சாட்சி, அதாவது வேறு துறையிலிருந்து கூட்டி வந்த ஊழியர், பக்கத்தில் நின்று கவனிக்கச் சொல்லப்பட்டிருப்பார். டீக்கடை சத்தத்தில் எவ்வளவு தூரத்தில் நின்றார்? அண்ணன் சொன்ன வார்த்தை என்ன என்று அவரால் அப்படியே சொல்ல முடிகிறதா, இல்லை "பேசிக்கொண்டார்கள்" என்கிறாரா? குறுக்கு விசாரணையில் இந்த ஒரு இடத்தில்தான் பல வழக்குகள் உடைந்து நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது மகஜரில் பாருங்கள்: எந்தக் கை நிறம் மாறியது? வாங்கி எண்ணியிருந்தால் இரண்டு கையும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கை மட்டும் என்றால், நோட்டுக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன் என்பதோடு பொருந்தும். நோட்டின் பக்கங்களில் ரசாயனச் சோதனை செய்தார்களா? நிறம் மாறிய கரைசல் தொட்டதைத்தான் சொல்லும், கேட்டதைச் சொல்லாது. எல்லாவற்றையும் விட முக்கியம், பிடிபட்ட அந்த நிமிடத்தில் "இந்தப் பணம் எப்படி வந்தது" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு அண்ணன் என்ன பதில் சொன்னார், அது எழுதப்பட்டதா என்பது. "செருகிவிட்டார், திருப்பிக் கொடுக்கப் போனேன்" என்று அப்போதே சொல்லியிருந்தால் அது தங்கம். சொல்லாமல் ஒரு வருடம் கழித்துச் சொன்னால், வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். எதுவாக இருந்தாலும், இனிமேல் கடன் திருப்பிக் கொடுத்தார், அளவைக் கட்டணம் கட்டச் சொன்னேன் என்று புதுப்புதுக் கதை வேண்டாம்.

போனில் பேசிய ஒலிப்பதிவு இருக்கலாம். பயப்பட வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம். மின்னணுப் பதிவு என்றால் இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் ஒலிநாடாவை மட்டும் போட்டுக் காட்ட முடியாது. குரல் மாதிரி கேட்டால் மறுப்பது பயன் தராது. 2019-லேயே ரித்தேஷ் சின்கா வழக்கில் நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு தடவை மறுத்தார் என்கிறீர்களே, அந்தப் பதிவில் அண்ணன் மறுக்கும் குரலும் இருந்தால் அதை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

பட்டா கோப்பு எந்தத் தேதியில் அண்ணன் கையை விட்டுப் போனது என்பதையும் பாருங்கள். லஞ்சம் கேட்டதாகச் சொல்லும் தேதிக்கு முன்பே அறிக்கை போயிருந்தால், புகாரின் கதை இடிக்கும். அதனால் மட்டுமே விடுதலை வராது, ஆனால் நீதிபதி யோசிப்பார். மனுதாரர் நிலத்தில் வாய்க்கால் புறம்போக்கு சேர்ந்திருந்து, அதை அண்ணன் எழுதி வைத்திருந்தால் பகை எங்கே தொடங்கியது என்பதும் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: புகார்தாரர் வீட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது. ஊர்ப் பெரியவர், மச்சான், யார் மூலமும் வேண்டாம். அவர் பிறழ்சாட்சியானாலும், ஏன் இறந்தே போனாலும், மற்ற சாட்சியத்தை வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று நீரஜ் தத்தா தீர்ப்பு சொல்லிவிட்டது. மிச்சமாவது ஜாமீன் ரத்து மனுதான். அவர் மீதே லஞ்சம் கொடுத்த வழக்குப் போடலாமா என்றும் யோசிக்க வேண்டாம். முன்கூட்டிப் போலீசிடம் சொல்லிவிட்டுக் கொடுத்தவருக்கு ஊழல் தடுப்புச் சட்டம் 8-வது பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது.

வழக்கையே ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகலாமே என்று கேட்பீர்கள். உண்மை எது என்ற தகராறில் அங்கே பொதுவாக இறங்க மாட்டார்கள், செலவுதான். குற்றப்பத்திரிகை வரும்போது வழக்குத் தொடர அதே சட்டத்தின் 19-வது பிரிவு கேட்கும் அனுமதியை, அண்ணனைப் பணியிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவர் கொடுத்தாரா என்று சரிபார்த்தால் போதும். சஸ்பெண்ட் காலத்துப் பிழைப்பூதியத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள், துறை விசாரணையில் கொடுக்கும் பதிலை வக்கீல் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

கடைசியாக, அந்த டீக்கடையில் கேமரா இருந்ததா? எதிரே மருந்துக்கடை, ஏடிஎம் ஏதாவது? மூன்று வாரம் ஆகிவிட்டது, நிறைய இடங்களில் ஒரு மாதத்துக்குள் பழைய பதிவு அழிந்து மேலே புதிது ஏறிவிடும். நீங்களாகப் போய்க் கடைக்காரரிடம் பேச வேண்டாம், சாட்சியைக் கலைத்ததாகிவிடும். இன்றைக்கே வக்கீலைப் பார்த்து, அந்தப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். பணத்தை அவர் செருகிய அந்த ஐந்து விநாடி அதில் இருக்கலாம்.