பழைய பிக்கப்பில் ஹீட்டர் போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1994 ஃபோர்ட் எஃப்-150. கோடையில் தோட்ட வேலை, குளிர்காலத்தில் பனி தள்ளும் வேலை, இரண்டுக்கும் இதுதான் வண்டி. இப்போது ஹீட்டரில் சூடு சரியாக வரவில்லை. உள்ளே ஏதோ இனிப்பு வாடை அடிக்கிறது, முன் கண்ணாடியில் உள்பக்கமாக எண்ணெய் பூசியது போல் படலம் படிகிறது, பக்கத்து சீட்டின் கீழே கார்பெட் ஈரமாக இருக்கிறது. ஃபேன் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது. காற்றை எங்கே திருப்பினாலும் கண்ணாடிப் பக்கமே போகிறது. ஹீட்டர் சிஸ்டத்தையே மாற்றினால்தான் சரியாகும் என்கிறார் மெக்கானிக். லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன ஹீட்டர் போதும் என்கிறார் நண்பர். என்ன செய்யட்டும்?
- வாசகர், ஸ்காபரோ

பதில்: முழு சிஸ்டத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, ஒரே குளிர்காலத்தில் சேர்ந்து வந்ததால் மலையாகத் தெரிகிறது.

முதலில் அந்த இனிப்பு வாடை. அது கூலண்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வாடை. எஞ்சினில் சூடான கூலண்ட் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்கிற சின்ன ரேடியேட்டருக்கு வருகிறது, ஃபேன் அதன்மேல் காற்றை ஊதுகிறது, அதுதான் உங்களுக்கு வரும் சூடு. அந்தக் கோர் ஓட்டையாகிவிட்டது. கசிவது ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது, மிச்சம் கார்பெட்டுக்கு இறங்குகிறது, கூலண்ட் குறையக் குறைய சூடும் குறைகிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டால் ரோடே தெரியாது. கூலண்ட் ரொம்பக் குறைந்தால் எஞ்சினுக்கும் ஆபத்து.

உங்களுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. 1980 முதல் 1996 வரை வந்த எஃப்-150-இல் இந்த வேலை சுலபம், டேஷ்போர்டைக் கழற்றவே வேண்டாம். கிளவ் பாக்ஸை இறக்கினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன் ஸ்க்ரூக்களை எடுத்தால் கோர் அப்படியே கையோடு வரும். அதற்கு முன் எஞ்சின் நன்றாக ஆறியதும் கூலண்டை வடித்துவிட்டு, எஞ்சின் பக்கமிருந்து இரண்டு ஹோஸையும் கழற்ற வேண்டும். பழைய ஹோஸ் ஒட்டிப் பிடித்திருக்கும். முறுக்கி இழுக்க வேண்டாம், கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், எப்படியும் புது ஹோஸ்தான் போடப் போகிறீர்கள். ஒன்று 5/8 அங்குலம், இன்னொன்று 3/4 அங்குலம், கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். கூலண்ட் வடிந்திருக்கும்போதே, எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் புதுக் கோர் போட்டாலும் ஹைவேயில் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

அப்புறம் கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள், அது சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, குறைகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டே இருங்கள். டேஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று கேட்டால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விடவே கூடாது. இனிப்பாக இருப்பதால் நாய் பூனை நக்கிவிடும், குழந்தையும் வாயில் வைக்கும், கொடிய விஷம் அது.

ஃபேன் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுவது, கரண்டைக் குறைத்து ஸ்பீடைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்ததன் அடையாளம். மற்ற ஸ்பீடுகளுக்குத்தான் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும், கடைசி ஸ்பீடுக்கு நேராகப் போகும். விலை குறைந்த சாமான், மாற்றுவதும் சின்ன வேலை. ஆனால் அதன் பிளக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். உருகியிருந்தால் ஃபேன் மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரண்ட் இழுக்கலாம், அதை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதுசும் எரியும்.

காற்று கண்ணாடிக்கே போவதற்குக் காரணம் பெரும்பாலும் வேக்கம், அதாவது எஞ்சினின் உறிஞ்சும் இழுப்பு, கசிவது. உள்ளே காற்றைத் திருப்பும் கதவுகளை எஞ்சினின் வேக்கம்தான் இழுக்கிறது. அது போய்விட்டால் காற்று கண்ணாடிப் பக்கம் போகும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், பழைய வண்டியில் எங்கேயாவது வெடித்திருக்கும்.

நண்பர் சொன்ன சாக்கெட் ஹீட்டர் வேண்டாம். 12 வோல்ட், 15 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் மொத்தமே 180 வாட். ஹீட்டர் கோர் தருவது ஆயிரக்கணக்கான வாட். உங்கள் ஊர் ஜனவரியில் 180 வாட் கை விரலுக்குக்கூடப் போதாது. ஓட்டை அடைக்கும் திரவத்தையும் ஊற்றாதீர்கள், அது கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும்.

கேள்வி: என்னுடையது 1999 எஃப்-150. ஹீட்டர் கோர் மாற்ற ஒரு நாள் கூலி கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
- வாசகி, பிராம்ப்டன்

பதில்: இல்லை. 1997-இல் வடிவம் மாறியது, உங்கள் வண்டியில் டேஷ்போர்டைக் கழற்றித்தான் கோரை எடுக்க முடியும். ஏர்பேக் இருப்பதால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தொடவே வேண்டும். ஆனால் முதலில் எஞ்சின் சூடானதும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று கொதித்து இன்னொன்று குளிர்ந்திருந்தால், கசிவும் இல்லையென்றால், கோர் அடைத்திருக்கலாம். ஹோஸைக் கழற்றி எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாலே பல நேரம் சூடு திரும்பும். ஓட்டைதான் என்றால் மாற்றுங்கள், கோர் மட்டும் மலிவானதாக வாங்காதீர்கள். இன்னொரு தடவை டேஷ்போர்டைக் கழற்றும் கூலியை யார் கொடுப்பது?

கேள்வி: ஹீட்டர் போட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகுமா?
- வாசகர், அஜாக்ஸ்

பதில்: அநேகமாக இல்லை. எஞ்சின் வெளியே தள்ளும் சூட்டைத்தான் உள்ளே எடுக்கிறீர்கள், ஃபேனுக்குக் கொஞ்சம் கரண்ட், அவ்வளவுதான். வண்டியை நிறுத்திவைத்து அரைமணி நேரம் சூடேற்றுகிறீர்களே, பெட்ரோல் போவது அதில்.