விமானப்படை விமானி ஆக எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேர்வு முடிவுகள் வந்த கையோடு எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் மதிப்பெண்ணைப் பற்றியவை. விமானப்படையில் விமானி ஆவதற்கு 95 சதவீதம் வேண்டுமோ என்று அஞ்சுகிறவர்களே அதிகம். உண்மையில் மதிப்பெண் எல்லை பலர் நினைப்பதைவிடத் தாழ்வாகவே இருக்கிறது. விட்டுக்கொடுக்காத நிபந்தனை பாடத்தைப் பற்றியது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ஒரு புள்ளியைச் சுற்றியே அமைந்திருப்பதால் அவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்பில் 452 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். போர் விமானி ஆவேன் என்று சிறு வயதிலிருந்தே சொல்கிறாள். பள்ளியில் ‘ப்யூர் சயின்ஸ்’ குரூப்பில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? (ஒரு தாய், விருதுநகர்)

அந்த குரூப்பில் சேர்க்க வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ‘ப்யூர் சயின்ஸ்’ என்றால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். அதில் கணிதம் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேரடியாகச் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின், அதாவது என்.டி.ஏ.வின், விமானப்படைப் பிரிவுக்கு +2 அளவில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் தேவை. பட்டம் பெற்ற பிறகு எழுதும் ஏஎஃப்கேட், அதாவது விமானப்படையே நடத்தும் பொதுச் சேர்க்கைத் தேர்வின், வழியே விமானிகள் பிரிவுக்குச் செல்வதற்கும் +2வில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். ஆகவே உயிரியலும் கணிதமும் சேர்ந்த முதல் குரூப், அல்லது கணினி அறிவியலும் கணிதமும் சேர்ந்த குரூப், இவ்விரண்டில் ஒன்றையே கேட்டு வாங்குங்கள். அந்தப் பள்ளியில் இடம் இல்லையென்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கேளுங்கள். பள்ளியை மாற்றுவது ஒரு வருடச் சிரமம். பாடத்தை இழப்பது அப்படிப்பட்டதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு மாணவி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கல்லூரியில் 80 சதவீதத்துக்கு மேல், தேசிய மாணவர் படையில் நல்ல பெயர், தெளிவான பேச்சு. பிளாஸ்டிக் உறையிலிருந்து +2 மதிப்பெண் பட்டியலை எடுத்து என் மேசையில் வைத்தார். கடைசி இரண்டு வரிகளில் தாவரவியலும் விலங்கியலும் இருந்தன. பட்டியலில் விரலை வைத்தபடி சிறிது நேரம் நான் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. பதினைந்து வயதில், ‘கணக்கு கஷ்டம்’ என்று யாரோ சொன்னதற்காக எடுத்த குரூப் அது. அவரிடம் அன்று சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் உரிய காலத்தில் சொல்ல முடிகிறதே என்பதில் எனக்கு நிறைவு.

பெண்களுக்கு என்.டி.ஏ. தேர்வு 2021இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு திறக்கப்பட்டது; அதன் முதல் பெண் அணி 2025 மே மாதம் புனே அருகிலுள்ள கடக்வாஸ்லாவில் பயிற்சியை நிறைவு செய்தது. தேர்வு ஆண்டுக்கு இரு முறை நடைபெறுகிறது. பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். +2 படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். குறைந்தபட்ச சதவீதம் எதுவும் கேட்கப்படுவதில்லை, தேர்ச்சி போதும். எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண். அதில் கணிதம் 300, பொதுத் திறன் 600. அதன் பின் படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணலுக்கு இன்னொரு 900. பள்ளி மதிப்பெண் இக்கணக்கில் எங்கும் சேராது.

நான் ப்யூர் சயின்ஸ் படித்து +2 முடித்துவிட்டேன். இப்போது பி.எஸ்சி. முதலாண்டு. இனி வழியே இல்லையா? (மாணவர், அரியலூர்)

என்.டி.ஏ. வழி உங்களுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது, வயது காத்திருக்காது. பட்டப்படிப்புக்குப் பின் வரும் வழிகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தனிப் பாடங்களாகப் பதிவு செய்து +2 அளவில் கணிதத்தைப் படித்துத் தேர்ச்சி பெறும் வசதி உண்டு. ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். இயற்பியல் ஒரு வாரியத்திலும் கணிதம் இன்னொரு வாரியத்திலும் இருக்கும் சான்றிதழ்கள் ஏற்கப்படுமா என்று, ஏஎஃப்கேட் அறிவிக்கையில் தரப்பட்டிருக்கும் முகவரிக்கு எழுதி, எழுத்துப்பூர்வமான பதிலைப் பெறுங்கள். பயிற்சி மையத்தில் இருப்பவர் “அதெல்லாம் ஏத்துக்குவாங்க” என்று சொல்வதை நம்பி இரண்டு ஆண்டுகளைச் செலவிட வேண்டாம்.

+2வில் கணினி அறிவியல் குரூப். கணிதம் 74, இயற்பியல் 69. இப்போது பி.காம். இறுதி ஆண்டு, 68 சதவீதம். பி.காம். படித்தவர் விமானி ஆகலாமா? (மாணவி, பொள்ளாச்சி)

ஆகலாம். ஏஎஃப்கேட் வழியே விமானிகள் பிரிவுக்குப் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம்; மூன்றாண்டுப் பட்டத்தில் 60 சதவீதமும், +2வில் கணிதத்திலும் இயற்பியலிலும் தனித்தனியே 50 சதவீதமும் இருந்தால் போதும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. வயது 20 முதல் 24 வரை என்பதால் இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள்.

+2 இயற்பியலில் 46 மதிப்பெண்தான் எடுத்தேன், கணிதத்தில் 81. பட்டப்படிப்பில் 71 சதவீதம். +2வின் இரண்டையும் கூட்டினால் சராசரி 63.5 வருகிறதே, போதாதா? (இளைஞர், தேனி)

ஏஎஃப்கேட்டுக்குப் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் 50 என்பதே அறிவிக்கையின் சொல். ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறையை ஈடுசெய்யாது. பட்டத்தில் எத்தனை எடுத்திருந்தாலும் அந்த நான்கு மதிப்பெண் குறை நீங்காது.

ஆனால் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ்., அதாவது ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை நீங்கள் எழுதலாம். அதன் வழியே விமானப்படை அகாடமியில் சேருவதற்குப் பட்டமும், +2 அளவில் இயற்பியலும் கணிதமும் படித்திருப்பதும் கேட்கப்படுகின்றன. சதவீத வரம்பு கேட்கப்படுவதில்லை. ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் என்று மூன்று தாள்கள், தாளுக்கு 100 மதிப்பெண். இவ்வழியில் வருபவர்களுக்கு நிரந்தரப் பணி. ஏஎஃப்கேட் வழியே வரும் விமானிகளுக்கு 14 ஆண்டுக் குறுகிய காலப் பணி. இடங்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சி.டி.எஸ். வழி விமானப்படையில் சேரும் வாய்ப்பு ஆண்களுக்கு மட்டுமே இருப்பதால், இதே மதிப்பெண்ணுடன் ஒரு பெண் எழுதியிருந்தால் என் பதில் இவ்வளவு ஆறுதலாக இருந்திருக்காது. அது எனக்கு வருத்தமே.

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, அதன் பின் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. மெக்கானிக்கல். +2 படிக்கவே இல்லை. எனக்கு இடமுண்டா? (பொறியாளர், ஓசூர்)

ஏஎஃப்கேட் அறிவிக்கை +2 அளவில் கணிதத்தையும் இயற்பியலையும் கட்டாயமாக்குவதால் அங்கே உங்களுக்குச் சிக்கல். சி.டி.எஸ். அறிவிக்கையின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள்: +2 அளவில் இயற்பியல், கணிதத்துடன் கூடிய பட்டம், “அல்லது” பொறியியல் பட்டம். அந்த ‘அல்லது’ என்னும் ஒரு சொல் உங்களைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறக்கிறது. டிப்ளமோ வழியே வந்த பல பிள்ளைகள் இந்த வரியை ஒருமுறைகூடப் படிக்காமலே வயது வரம்பைக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் இந்த ஆண்டே எழுதுங்கள்.

பி.இ. இறுதி ஆண்டு. இதுவரை 6.4 சி.ஜி.பி.ஏ.; ஒரு அரியர் இருக்கிறது. இப்போதே விண்ணப்பிக்கலாமா? (மாணவர், சேலம்)

அரியரை முதலில் முடியுங்கள். இறுதி ஆண்டு மாணவர்கள் ஏஎஃப்கேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்நாளில் நிலுவைப் பாடம் எதுவும் இருக்கக் கூடாது, அதுவரையான பருவங்களில் 60 சதவீதம் இருக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். நீங்களாகப் பத்தால் பெருக்கிக்கொள்ளாமல், உங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சான்றை முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறேன். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும் என்கிறார்கள். கணக்கு நன்றாக வரும். எப்படித் தயாராவது? (+1 மாணவர், திருவாரூர்)

இந்தக் கடிதம் கோடு போட்ட தாளில், திருத்தமான கையெழுத்தில் வந்தது. என்.டி.ஏ.வின் கணிதத் தாளில் வருபவை பெரும்பாலும் உங்கள் பாடநூலில் இருப்பவையே: அணிகளும் அணிக்கோவைகளும், முக்கோணவியல், பகுமுறை வடிவியல், வகையீடு, தொகையீடு, வெக்டர், நிகழ்தகவு. உங்களுக்குத் தெரியாதது கணக்கு அல்ல. அதன் ஆங்கிலப் பெயர்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பக்கத்தை நெடுக்காக இரண்டாகக் கோடிட்டு, இடப்பக்கம் பாடநூலின் தமிழ்ச் சொல்லையும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் எழுதுங்கள். ‘அணி’ என்பதற்கு எதிரே மேட்ரிக்ஸ், ‘வகைக்கெழு’ என்பதற்கு எதிரே டெரிவேட்டிவ், ‘முடுக்கம்’ என்பதற்கு எதிரே ஆக்சிலரேஷன், ‘உந்தம்’ என்பதற்கு எதிரே மொமென்ட்டம். தமிழ்வழிப் பாடநூலையும் ஆங்கிலவழிப் பாடநூலையும் அருகருகே வைத்துக்கொண்டால், அத்தியாயங்களும் கணக்கு எண்களும் ஒன்றாகவே இருப்பதால், அகராதி இல்லாமலே இந்த நோட்டை நிரப்பிவிடலாம். என்னிடம் வந்த மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறைக்குள் அப்படி முடித்தார். அதன் பிறகு அவர் வினாத்தாளைப் பார்த்துத் தயங்கியதை நான் கண்டதில்லை.

கடினமான பகுதி வேறு. பொதுத் திறன் தாளில் 200 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு. நேர்காணல் வாரியத்தில் ஐந்து நாட்கள் குழு விவாதமும் உரையாடலும் ஆங்கிலத்தில் நடக்கும். இலக்கணம் பிசகினாலும் கருத்தை நிதானமாக, தயங்காமல் சொல்லும் பழக்கம் வேண்டும். தினமும் ஒரு ஆங்கில நாளிதழின் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். படித்ததை மூன்று வாக்கியங்களில் உங்கள் ஆசிரியரிடமோ நண்பரிடமோ சொல்லுங்கள். உங்களுக்கு ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அது போதுமான காலம்.

மகனை விமானி ஆக்குவதற்காக ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங்கில் சேர்க்கக் கடன் வாங்கலாம் என்றிருக்கிறோம். சரிதானா? (ஒரு தந்தை, கரூர்)

அந்தக் காரணத்துக்காகச் சேர்க்க வேண்டாம். ஏரோநாட்டிக்கல் என்பது விமானத்தை வடிவமைக்கும் படிப்பு. விமானிகள் தேர்வில் அதற்குத் தனிச் சலுகை கிடையாது. 2016 ஜூன் மாதம் இந்திய விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளாகப் பொறுப்பேற்ற மூவரில் அவனி சதுர்வேதி கணினி அறிவியல் படித்தவர், பாவனா காந்த் மருத்துவ மின்னணுவியல் படித்தவர். உங்கள் மகனுக்கு எந்தப் படிப்பில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் நிம்மதியாக எடுக்க முடியுமோ, எது பின்னால் வேறு வேலைக்கும் கைகொடுக்குமோ, அதைத் தேர்ந்தெடுங்கள்.

பொறியியல்தான் வேண்டும் என்று சொல்லும் படை ஒன்று உண்டு: கடற்படை. அதன் குறுகிய கால விமானிப் பணிக்கு ஏதேனும் ஒரு துறையில் பி.இ. அல்லது பி.டெக். 60 சதவீதத்துடன் வேண்டும். பத்தாம் வகுப்பிலும் +2விலும் 60 சதவீதம், ஆங்கிலத்தில் அவ்விரண்டில் ஒன்றிலாவது 60 என்பதும் நிபந்தனை. அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., வைத்திருந்தால் கல்வித் தகுதி தளர்த்தப்படுமா? (வாசகர், மதுரை)

படாது. வயது வரம்பு மட்டும் 24இலிருந்து 26 ஆகிறது. பாடமும் சதவீதமும் அப்படியே நிற்கின்றன.

தேசிய மாணவர் படையின் ‘சி’ சான்றிதழ் எனக்கு எதில் உதவும்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

விமானப் பிரிவின் சீனியர் டிவிஷன் ‘சி’ சான்றிதழாக இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்காணல் வாரியத்துக்கு அழைக்கப்படும் சிறப்பு வழி உண்டு. பட்டம், +2 பாடங்கள் பற்றிய நிபந்தனைகள் அவ்வழியிலும் மாறுவதில்லை. வாரியத்தில் விமானிகளுக்கென்று கணினி வழியே நடக்கும் திறன் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும் என்பதால், அழைப்பு வந்துவிட்டதே என்று ஆயத்தமில்லாமல் போய்விடாதீர்கள்.