பாதியில் நிற்கும் வீட்டு வேலைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வீட்டில் பாதியில் கிடக்கிற வேலை எதுவானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. நான் மர வேலையும் நூல் வேலையும் தெரிந்தவள். அப்பா தச்சர், அம்மா பின்னல்காரி, இருபத்தைந்து வருடமாகப் பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டுப் பின்கட்டில்தான் என் பட்டறை. சுவர், குழாய், மின்சாரம் எல்லாம் எனக்குத் தெரியாது, கேட்டால் வேறு ஆளைத்தான் காட்டுவேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்றுபோன வேலையைத் தூசி தட்டி எடுக்கும்போது "எங்கே நின்றது" என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு சாமான் இல்லாமல் நின்றிருக்கும், இல்லையென்றால் காய்வதற்குள் அடுத்த கோட்டு (பூச்சு) அடித்துப் பாழாகி, மனம் விட்டுப்போய் நின்றிருக்கும். அந்த ஒரு படியை எழுதி அந்தப் பொருள் மேலேயே ஒட்டி வையுங்கள்.

செந்தூலிலிருந்து ஒரு தங்கை: அக்கா, தாத்தாவின் தேக்கு அலமாரி. மூணு வருஷத்துக்கு முன் மெஷின் வாடகைக்கு எடுத்து ஒரு கதவை மட்டும் தேய்த்தேன், அது வெளுத்துவிட்டது, மற்றது கறுப்பாக இருக்கிறது. பயந்து நிறுத்திவிட்டேன். ஆளிவிதை எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். மிச்சத்தையும் தேய்க்கவா?

தேய்க்காதீர்கள் தங்கச்சி. நீங்கள் நிறுத்தியதே நல்லது. அந்தக் கறுப்பு முழுக்க மரத்தின் நிறம் இல்லை, பழைய பாலிஷும் ஐம்பது வருட அழுக்கும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தது. முதலில் அது என்ன பாலிஷ் என்று தெரிய வேண்டும். அலமாரியின் பின்பக்கம், கண்ணில் படாத மூலையில், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் அது ஷெல்லாக், அரக்குப் பூச்சியிலிருந்து வருகிற பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர், தின்னரில் கரைகிற பாலிஷ். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பிற்காலத்தில் யாரோ பாலியூரித்தேன் மாதிரி கெட்டியான வார்னிஷ் அடித்திருக்கலாம்.

தாத்தா காலத்துச் சாமான், ஷெல்லாக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் தேய்க்கிற வேலையே இல்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் எரியாமல் பார்த்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு அடி ஒரு அடியாகத் துடைத்து எடுங்கள். கீழே தேன் நிறத்தில் மரம் வரும். அதைப் பார்க்கிற அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வெளுத்த கதவுக்குப் பொன்னிற ஷெல்லாக்கை மெல்லிசாக நாலைந்து கோட்டு கொடுத்தால் மற்ற கதவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். முழுக்க ஒன்றாகாது, ஒரு வருடத்தில் கண் பழகிவிடும்.

மழை நாளில் மட்டும் அடிக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஷெல்லாக் பால் ஊற்றினது மாதிரி வெளுத்துப் படரும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் வந்து காற்று உலர்ந்த பிறகு ஆரம்பியுங்கள், மூணு மணிக்கு வானம் கறுப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

வாங்கிய எண்ணெயை அலமாரிக்குள் பூசிவிடாதீர்கள். மூடிய இடத்தில் ஆளிவிதை எண்ணெய் வாடை போகவே போகாது, புடவையெல்லாம் நாறும். ஊஞ்சல் பலகை இருந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் என்று வந்ததால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன், எல்லாரும் படியுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்துதான் காய்கிறது, அப்படிக் காயும்போது சூடு வரும். விரித்துப் போட்ட துணியில் சூடு வெளியே போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே ஏறி ஏறி நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், அது தொடங்கியது இந்த எண்ணெய்த் துணிக் குவியலில்தான். என் பட்டறையிலும் ஒரு சாயங்காலம் பழைய கூடையிலிருந்து கருகல் வாடை வந்தது. கையை விட்டேன், மேல் துணி வெதுவெதுப்பு, அடித் துணி தொட முடியாத சூடு. அன்றிலிருந்து துணியை ஒவ்வொன்றாக வேலியில் விரித்துக் காயவைப்பேன், நேரமில்லாத நாளில் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் முக்கி மூடிவிடுவேன்.

கெப்போங்: தேய்க்காமலே பெயின்ட் அடிக்கலாமா?

கூடாது. பளபளப்பு போகிற அளவு 180 நம்பர் உப்புத்தாளால் கை வைத்துத் தேய்த்தாலே போதும்.

ஆயர் ஈத்தாம்: நாற்காலிக் கால் ஆடுகிறது, மூணு தடவை வெள்ளைப் பசை போட்டும் நிற்கவில்லை.

பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. காலை முழுசாகக் கழற்றி, பசையைக் கத்தியால் சுரண்டி, வெறும் மரம் தெரிந்த பிறகு பசை வையுங்கள். பழைய மோட்டார் சைக்கிள் டயர் டியூப்பை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். ராத்திரி யாரும் உட்காரக் கூடாது.

பூச்சோங்: அண்ணன் கொடுத்த ரப்பர் மரச் சாப்பாட்டு மேசை, கீழே மாவு மாவாகக் கொட்டுகிறது. தூக்கிப் போட்டுவிடட்டுமா? பாதி வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறேன்.

தூக்கிப் போட வேண்டாம். அது மரத்தூள் வண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால்தான் ஆலையில் போரான் மருந்து ஏற்றிப் பிறகு சாமான் செய்வார்கள், சரியாக ஏற்றாத பலகையில் வண்டு விழும். வார்னிஷ் அடிக்காத அடிப்பக்கத்தில் போரான் மருந்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு தடவை பூசுங்கள், ஓட்டைகளுக்குள் அதே மருந்தை ஊசியால் ஏற்றி விடுங்கள், ஒரு வாரம் காயட்டும். பிறகு அடிப்பக்கத்துக்கும் சேர்த்து வார்னிஷ். பால் வற்றின மரத்தை இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டுவார்கள், முன்பு அதை அடுப்புக்குத்தான் போட்டார்கள். நம் பாட்டிமார் விடியற்காலையில் பால் வெட்டிய மரம்தான் இன்றைக்கு நம் வீட்டு மேசை. எனக்கு அந்த மரத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஜார்ஜ்டவுன்: பழைய கடைவீட்டுச் சுவரில் ஈரம் ஏறுகிறது, சிமெண்டு பூசலாமா?

என் துறை இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அது மட்டும் தெரியும். 2008ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி அது, மாநகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவிலிருந்து: அக்கா, போன தீபாவளிக்கு மூணடி பலகையில் வண்ண அரிசியில் மயில் கோலம் ஆரம்பித்தேன், தோகை பாதியில் நிற்கிறது. வாசலில் போட்டால் மறுநாள் காலையில் கூட்டிவிடுகிறார்கள். பசை போட்டு ஒட்டிச் சுவரில் மாட்டலாமா?

மாட்டலாம். அரிசியை முதலில் நாலு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், உள்ளே இருக்கிற வண்டு முட்டை செத்துவிடும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் மயில் நடக்க ஆரம்பிக்கும். பிறகு ஒரு கிலோ பச்சரிசிக்கு ஒரு தேக்கரண்டி உணவுச் சாயம், ஒரு மேசைக்கரண்டி வினிகர், பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்குங்கள். பழைய நாளிதழில் மெல்லிசாகப் பரப்பி, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி முழுக்கக் காயவேண்டும். கைப்பிடியில் அள்ளிவிட்டால் ஒரு அரிசி கூட உள்ளங்கையில் ஒட்டாமல் உதிர வேண்டும், அதுதான் பதம். பலகையில் உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் பசை தடவி, அரிசி தூவி, அழுத்தி, அது இறுகிய பிறகு அடுத்த இடம். எல்லாம் முடிந்ததும் மேலே தெளிவான வார்னிஷ் இரண்டு கோட்டு.

இந்தப் பதிலைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, சண்டை ஆரம்பித்துவிட்டது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெரியவர்: என்னம்மா இது? கோலம் எறும்புக்கும் குருவிக்கும் போடுவது. பசை போட்டு ஒட்டி, வார்னிஷும் அடித்தால் யார் தின்பது? நீங்களே இப்படிச் சொல்லிக் கொடுக்கலாமா?

செத்தாப்பாக்கிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, பத்தொன்பதாம் மாடியில் வாசல் என்பதே நாலடி வராந்தா. அதிலும் போடக் கூடாது என்கிறார்கள். பலகையில் போடாவிட்டால் என் பிள்ளைகள் கோலத்தையே பார்க்க மாட்டார்கள்.

பெரியவர்: பார்த்தால் போதுமா? கை பழக வேண்டாமா?

இதற்குப் பிறகு முப்பது பேர் புகுந்துவிட்டார்கள், உப்புத்தாள் கேட்டவர்களெல்லாம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன், என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். பெரியவர் சொல்கிற அந்த எறும்புக் கோலம் வெள்ளை மாவுக் கோலம். வண்ண அரிசி வேறு. அது விழா அலங்காரம், சாயம் ஏற்றிய பிறகு அதை யாரும் தீனிக்கென்று போடுவதில்லை, தீபாவளி முடிந்ததும் கிலோ கணக்கில் குப்பைக்குப் போகிற அரிசி அது. குப்பைக்குப் போவதை விட ஒரு பிள்ளை தன் கையால் ஒட்டிய மயில் பத்து வருடம் சுவரில் இருப்பது எனக்குப் பெரிதாகப்படுகிறது. அதற்காகக் காலைக் கோலத்தை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு வாசலில் இன்றைக்கும் போட்டேன்.

கை பழகவேண்டும் என்றீர்கள் ஐயா, அதில் உங்கள் பக்கம்தான் நான். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள் கவனியுங்கள். கடையில் வாங்குகிற நைசு மாவு கட்டியாக விழும். பச்சரிசியை ஊறவைக்காமல் மிக்சியில் போட்டுக் குருணையும் மாவுமாக, லேசாக நறநறவென்று இருக்கிற மாதிரி அரையுங்கள். நாலு விரலால் அள்ளி, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கட்டை விரலை வைத்து முன்னால் தள்ள வேண்டும், கிள்ளக் கூடாது. மணிக்கட்டு தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே. கை ஓடிக்கொண்டே இருந்தால் கோடு மெல்லிசாக வரும், யோசித்து நின்றால் அந்த இடத்தில் குவிந்துவிடும். சமையலறைத் தரையில், ஒரு பெரிய தட்டில்கூடப் பழகலாம், அதற்கு வாசல் வேண்டாம்.

பெரியவர்: தட்டில் பழகலாம் என்பது சரிதான். பேத்தி சுபாங்கில் இருக்கிறாள். சொல்லிப் பார்க்கிறேன்.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன்.

செராஸ், சுங்கை பூலோ, பாயான் லெப்பாஸ்: தேய்க்காமல் பெயின்ட் அடிக்க வழி உண்டா?

மூணு பேருக்கும் ஒரே பதில், மேலே கெப்போங்குக்குச் சொன்னதுதான். இது இன்றைக்கு நாலாவது தடவை, தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

நிபோங் திபால்: பழைய தோட்ட வீட்டுக் கூரைத் தகட்டில் துளை போட்டு விளக்கு மாட்டும் வேலை பாதியில் நிற்கிறது.

நிற்கட்டும். பழைய சாம்பல் நிறத் தகட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. தெரிந்த ஆளை வைத்துப் பார்க்காமல் துளைக் கருவியை எடுக்காதீர்கள்.

அம்பாங்கிலிருந்து ஒருவர்: அம்மா போன வருடம் தவறிவிட்டார். குரோஷேயில் மேசை விரிப்பு ஒன்று பின்னிக்கொண்டிருந்தார், முக்கால்வாசி முடிந்திருக்கிறது, ஊசி இன்னும் அந்தக் கண்ணியிலேயே இருக்கிறது. நான் யூடியூப் பார்த்துப் பழகினேன், ஆனால் என் பின்னல் தளர்வாக வருகிறது. அம்மாவின் வேலையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்தேன்.

முதலில் அந்தக் கண்ணியில் ஒரு பாதுகாப்பூசியைக் கோர்த்துப் பூட்டிவிட்டு, அம்மாவின் ஊசியை வெளியே எடுங்கள். இனி அவிழாது. அம்மா பின்னியதில் ஒரு விரற்கடைக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். நீங்கள் வேறு நூலில் அதே அளவு ஒரு சின்னச் சதுரம் பின்னி எண்ணிப் பாருங்கள். உங்களுடையது குறைவாக வந்தால் ஊசியை ஒரு நம்பர் சின்னதாக்குங்கள். கையை இறுக்க முயற்சி செய்யாதீர்கள், இறுக்கினால் பத்து வரிசையில் கை சோர்ந்து மறுபடி தளரும். எண்ணிக்கை ஒத்துவரும் வரை சதுரம் பின்னிக்கொண்டே இருங்கள், ஒரு மாதம் ஆனாலும் சரி.

நூல் நிறம் ஒத்து வராது. பழையது மஞ்சளித்திருக்கும், புது உருண்டை பளிச்சென்று இருக்கும். அதே வெள்ளைக்கு அலையாதீர்கள். ஓர வரிசைகளுக்கு வேண்டுமென்றே வேறு நிறம் எடுங்கள், அம்மாவுக்குப் பிடித்த நிறம். அம்மாவின் கை எங்கே முடிந்தது, உங்கள் கை எங்கே தொடங்கியது என்று தெரியட்டும், அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை. என் அம்மாவின் ஒரு விரிப்பில் அப்படி நீலக் கோடு ஒன்று இருக்கிறது, என் விரல் தானாக அங்கேதான் போகும்.

முடியும்வரை பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூசணம் கறுப்புப் புள்ளியாக விழும், அது போகாது. பழைய பருத்தித் துண்டில் சுற்றி, மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து விரித்து வையுங்கள்.

கோலாலம்பூர், இடம் சொல்லவில்லை: வாசல் கதவுக்குப் பெயின்ட் அடிக்கத் தேய்க்கத்தான் வேண்டுமா?

ஆமாம்.

செந்தூல் தங்கை மறுபடியும்: அக்கா, உங்கள் பதிலைப் பார்க்கும் முன் மதியமே ஊஞ்சல் பலகைக்கு எண்ணெய் பூசிவிட்டேன். நாலு துணி. சுருட்டி மைலோ டின்னில் அடைத்து, டின்னைச் சமையலறைக் குப்பைத் தொட்டி மேல் வைத்திருக்கிறேன். டின் லேசாகச் சூடாக இருக்கிற மாதிரி இருக்கிறது. நாளைக்குக் காலையில் எடுத்தால் போதுமா?

இப்போதே போங்கள். கைத்துணி வைத்து டின்னைப் பிடியுங்கள், மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், அப்படியே வெளியே சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஒரு வாளி நிறைய தண்ணீர் வைத்து, டின்னோடு உள்ளே அமுக்கி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் தளர்த்துங்கள், துணி முழுக்க நனையட்டும். கையில் தாங்க முடியாத சூடாக இருந்தாலோ புகை வந்தாலோ டின்னைத் தொடாதீர்கள், எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு 999க்குக் கூப்பிடுங்கள். முடித்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள், அதுவரை நான் படுக்கப் போக மாட்டேன்.