அப்பாவுக்குச் சத்து மாத்திரை போதுமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வயது 72. அம்மா தவறி ஒரு வருடமாகிறது. பட்டர்வொர்த்தில் தனியாக இருக்க வேண்டாமென்று பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். இனிப்புநீர், இரத்த அழுத்தம் இரண்டும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் நாள் முழுக்க டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், சரியாகச் சாப்பிடுவதில்லை, இப்போது மறதி வேறு. சத்து மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: சத்து மாத்திரை அப்புறம். பகலில் அப்பாவோடு யார் பேசுகிறார்கள்? நீங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் கிளம்பிவிட்டால் பொழுது சாயும்வரை அவருக்கு டிவிதான் துணை. பட்டர்வொர்த்தில் கோப்பிக் கடைக் கூட்டாளிகள் இருந்திருப்பார்கள், கோயில் இருந்திருக்கும், "என்ன ரெண்டு நாளா ஆளைக் காணோம்" என்று விசாரிக்க நாலு பேர் இருந்திருப்பார்கள். நல்ல மனதோடுதான் அழைத்து வந்தீர்கள், அதில் தப்பே இல்லை, ஆனால் மனைவியையும் பழகிய மனிதர்களையும் ஒரே வருடத்தில் அவர் இழந்திருக்கிறார்.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிடாதீர்கள். 2010இல் 148 ஆய்வுகளை, அதாவது 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலம் முடியும்போது உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. தனிமை நீடித்தால் தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடும். மறதிநோய்க்கு நாம் குறைக்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சொன்ன 14இல், மனிதர்களிடமிருந்து விலகிப் போவதும் ஒன்று, காது கேளாமையும் ஒன்று.

அந்தக் காதைத்தான் முதலில் பாருங்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? நாலு பேர் சேர்ந்து பேசும்போது சும்மா தலையாட்டுகிறாரா? பாதிதான் காதில் விழும்போது திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டு மெல்ல ஒதுங்கிவிடுவார்கள், நாம் அதை மறதி என்றும் பிடிவாதம் என்றும் நினைத்துக்கொள்வோம்.

அடுத்து, இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறாரா? அது வைட்டமின் பி12 அளவைக் குறைக்கலாம், அதனாலும் மறதி வரும். பி12, தைராய்டு இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மனச்சோர்வையும் டாக்டரிடம் சொல்லுங்கள், முதியவர்களுக்கு அது அழுகையாக வராமல் பசியின்மையாகவும் மறதியாகவும் வரலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி ஏதாவது சொன்னால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

அவருடைய மனிதர்களை அவருக்குத் திருப்பிக் கொடுப்பது இன்னும் முக்கியம். உடம்பு இடம் கொடுத்தால் வாரம் ஒருமுறையாவது ஜெட்டிக்கு பஸ்ஸில் போய் ஃபெரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போய் வரட்டும், முதல் சில தடவை நீங்களும் கூடப் போங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று சமூக நலத்துறையின் பாவே (PAWE) என்ற முதியோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன, பக்கத்தில் உள்ளதை விசாரியுங்கள். வீட்டிலும் ஏதாவது ஒரு பொறுப்பு, காய்கறி வாங்கி வருவதோ பேரப்பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதோ, அவருடையதாகவே இருக்கட்டும். பிழை வந்தாலும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், பட்டர்வொர்த்துக்கே திரும்பிப் போக ஆசையா என்று அவரிடமே கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே மறுக்காமல், அங்கே தினமும் எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள், மாத்திரையும் சாப்பாடும் எப்படி என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.