செஸ்னா 152, செஸ்னா 172: பழகுவதற்கு எது நல்லது?

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி, தான் சேரப்போகும் விமானப் பயிற்சிப் பள்ளியில் இந்த இரண்டு சிறிய விமானங்களுமே இருப்பதாகவும் எதில் ஆரம்பிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். நான் மன்னார்குடிக்காரன். இரண்டிலும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். 152-ல் ஆரம்பியுங்கள் தம்பி.

152-க்கு இரண்டு இருக்கை, 110 குதிரைத்திறன், அதிகபட்ச எடை 757 கிலோ. 172 எஸ் மாடலுக்கு நான்கு இருக்கை, 180 குதிரைத்திறன், 1157 கிலோ. ஓட்டும்போது தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் இந்த எடையில்தான் இருக்கிறது.

முழு பவரில் மூக்கைத் தூக்கி ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை) பழகும்போது இது நன்றாகத் தெரியும். வேகம் குறையக் குறைய மூக்கு இடதுபக்கம் இழுக்கும். வலது ரடரை (வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் மிதியை) மிதிக்க மறந்தால், விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்ட எதிரே கண்ணாடிக் குழாயில் இருக்கும் கறுப்புக் குண்டு வலதுபக்கம் ஒதுங்கி நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் 152 சட்டென்று இடது இறக்கையைக் கீழே போடும். 172 அதே தவறுக்குப் பெரும்பாலும் மூக்கை மட்டும் மெல்லச் சாய்த்துவிட்டு விட்டுவிடும். பயணிகளுக்கு அது நல்ல குணம். ஆனால் கால் பழக வேண்டிய மாணவருக்கு 152 உடனே கண்டிப்பதுதான் நல்லது.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திருச்சி ஓடுதளம் 300 அடி உயரம்கூட இல்லை. சித்திரையில் 40 டிகிரி அடித்தால், காற்று 3000 அடிக்கு மேலே இருப்பதுபோல மெலிந்துவிடும். மாணவரும் ஆசிரியரும் கனமானவர்கள் என்றால் எடை வரம்பு தாண்டிவிடும் என்பதால் 152-ல் டேங்க் நிரப்பவே முடியாது, ஏறுவதும் மெதுவாகத்தான். அதனால் காலை முதல் ஸ்லாட் கேட்டு வாங்குங்கள்.

ஆடிக் காற்று திருச்சியில் பெரிய தொல்லை இல்லை. மேற்கிலிருந்து வருகிறது, ஓடுதளமும் கிழக்கு மேற்குதான். ஆனால் பிற்பகலில் 152 நிறையவே குலுங்கும், 172 கொஞ்சம் நிதானமாகப் போகும். மார்கழி ஈரத்தில் 152-ன் கார்புரேட்டரில் பனிக்கட்டி பிடிக்கும், நம்ம ஊர்க் குளிருக்கே. கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் விசையை) மறக்கக் கூடாது. 172 எஸ் கார்புரேட்டரே இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், அந்தக் கவலை கிடையாது.

அப்புறம் 172-க்கு மாறும்போது, தரையிறங்கும் நேரத்தில் மூக்கு கனமாக இருக்கும். கையால் மல்லுக்கட்டாமல், இறங்க ஆரம்பிக்கும்போதே ட்ரிம் (கையில் விழும் பாரத்தைக் குறைக்கும் சக்கரம்) வைத்துவிடுங்கள்.