மிருணாளுக்கு அடுத்த வேளைச் சோறு

அன்புள்ள அக்கா,

தாகூரின் 'ஸ்திரீர் பத்ர' (மனைவியின் கடிதம்) கதையை இப்போதுதான் வாசித்தேன். யாத்திரையாகப் பூரிக்குப் போன மிருணாள், இனித் திரும்பி வரமாட்டேன் என்று அங்கிருந்து கணவனுக்கு எழுதுகிறாள். சரி, அதற்கப்புறம்? கையில் காசு ஏது? சோறு யார் போடுவார்கள்? வசதியான வீட்டு ஆண் எழுதியதால்தான் இந்தக் கேள்வி எழவில்லையோ?

க.

அன்புள்ள க.,

கதையில் இதற்குப் பதில் இல்லை. நானாக ஒன்றைக் கற்பித்துச் சொல்லவும் போவதில்லை. 1914இல் 'சபுஜ் பத்ர' இதழில் கதை வந்ததும் தேசியத் தலைவர் பிபின் சந்திர பால் 'மிருணாளின் கதை' என்று மறுப்பே எழுதினார். ஆனால் அவரை உறுத்தியது சோறு இல்லை, குடும்பம்.

நான் அந்தக் கதையைக் கடிதம் என்பதற்காகவே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மிருணாளுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். இதுவரை உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை, எழுதுகிற அளவுக்கு இடைவெளியே கிடைக்கவில்லை என்றுதான் தொடங்குகிறாள். அந்த வீட்டில் அவள் ஒளித்துவைத்துக் கவிதை எழுதிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது.

இதற்குச் சுமார் இருபது வருடம் முன்பே தாகூர் 'காத்தா' (நோட்டுப் புத்தகம்) எழுதிவிட்டார். ஒன்பது வயதில் கல்யாணமான உமா, புகுந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறாள். நாத்தனார்கள் இடுக்கு வழியே பார்த்துவிடுகிறார்கள். கணவன் பியாரிமோகன் நோட்டைப் பிடுங்கிக்கொள்கிறான். அவனிடமும் கட்டுரைகள் நிறைந்த ஒரு நோட்டு உண்டு, அதைப் பிடுங்கத்தான் ஆளில்லை என்று கதை முடியும். தாகூரின் குறும்பு இப்படித்தான், சத்தமில்லாமல் குத்தும்.

உமாவிடம் பிடுங்கியது மிருணாள் கைக்கு வந்திருக்கிறது. வழக்கம்போல 'ஸ்ரீசரணகமலேஷு' என்று கணவனின் பாதத்தில் ஆரம்பிக்கிறாள். முடிக்கும்போது, உங்கள் பாத நிழலின் அடைக்கலம் அறுந்துபோன மிருணாள் என்று கையெழுத்துப் போடுகிறாள். நடுவில் எங்கோ, அந்த வீட்டின் 'மேஜோ பவு', அதாவது இரண்டாவது மருமகள், உதிர்ந்துவிடுகிறாள்.

எனக்குக் கதையோடு சண்டை இருக்கிறது, ஆனால் அது பிந்துவுக்காக. மூத்த ஓரகத்தியின் தங்கை, அநாதை. உடம்பில் சிவப்பாக ஏதோ தடித்தால் வீடே அம்மை என்று ஒதுங்குகிறது. பிறகு ஒரு பைத்தியக்காரனுக்குக் கட்டிவைக்கிறார்கள். கடைசியில் புடவையில் தீ வைத்துக்கொள்கிறாள். அதே 1914இன் தொடக்கத்தில்தான் கல்கத்தாவில் சினேகலதா என்ற பெண், அப்பாவால் வரதட்சணை கொடுத்து மாளாது என்று தீக்குளித்திருந்தாள். பிந்து செத்ததும், நாடகம் போடுகிறார்கள் என்று வீட்டு ஆண்கள் சொன்னதை மிருணாள் விடவில்லை. இந்த நாடகம் ஏன் புடவையில் மட்டும் நடக்கிறது, வங்காள வீரர்களின் வேட்டிக் கொசுவத்தில் ஏன் நடப்பதில்லை என்று கேட்கிறாள்.

உங்கள் சோற்றுக் கேள்வியும் பிந்துவிடம்தான் போய் நிற்கும். ஒரு குடியானவன் சமைப்பதற்கென்று கொடுத்த செம்மறியாட்டைக் கணவனின் வயிற்றுக்குத் தப்பவைத்து, கரி போடும் அறையில் வளர்க்கிறாள் மிருணாள். ஒரு காலையில் அதற்குத் தீனி வைக்கப் போகிறாள். மூலையில் பிந்து ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி மூன்று நாள்தான் ஆகியிருக்கும். ஆட்டுக்கு இடம் கொடுத்த வீடு அவளை வைத்துக்கொள்ளவில்லை. மிருணாளுக்குத் தொல்லை வரக்கூடாது என்று பிந்துவே போய், தேடி வந்த புகுந்த வீட்டார் முன்னால் நின்றாள்.