விளக்குக் கம்பத்து வீரவசனமும் தபால் பெட்டிக் குப்பையும்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் விளக்குக் கம்பத்தில் கட்சி விளம்பர அட்டை, அதில் ஒருவரி வீரவசனம், ஃபோனைத் திறந்தால் ஏமாற்றுக் குறுஞ்செய்தி, தபால் பெட்டியைத் திறந்தால் குப்பை. "எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். வாசலுக்கு வந்த விற்பனையாளரிடம் தண்ணீர் வடிகட்டிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

குப்பையை விட்டுவிடலாம். கோஷத்தை அப்படி விட முடியாது.

குப்பையை முதலில் முடித்துவிடுகிறேன். பில் வராத பெட்டியில் விளம்பரத் தாள் மட்டும் எப்படித் தவறாமல் வருகிறது என்று ஆச்சரியப்பட வேண்டாம். அரசுத் தபால் நிறுவனம் கடன் தாங்காமல் 2023-ல் மீட்பு நிர்வாகிகள் கைக்குப் போனது. பில்கள் மின்னஞ்சலுக்கு மாறி நாளாகிறது. விளம்பரத் தாளைப் போடுவது தெருத்தெருவாக நடக்கும் கூலிப் பையன்கள். "உங்கள் வீட்டை வாங்க என்னிடம் ஆள் தயார்" என்று கையால் எழுதியது போன்ற எழுத்தில் வருவது வீட்டுத் தரகருடையது. அந்த ஆள் தெருவிலுள்ள எல்லா வீட்டையும் வாங்குவார், நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டையும் சேர்த்து. ரோபோவில், அதாவது சிக்னலில், கார் ஜன்னலுக்குள் நீட்டப்படும் மஞ்சள் துண்டுத்தாளை ஒருமுறையாவது முழுதாகப் படித்துப் பாருங்கள்: பிரிந்த காதலர் திரும்புவார், கோர்ட் வழக்கு ஜெயிக்கும், லாட்டோ விழும், வேலையில் உயர்வு வரும், எல்லாம் ஒரே வைத்தியரிடம். தேர்தல் அறிக்கையை விட ஒழுங்காக எழுதியிருப்பார்கள்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது வேறு இடத்தில். வருமான வரித் துறையை இங்கே சார்ஸ் என்பார்கள். ஜூலையில் வரிக்கணக்குப் பருவம் தொடங்கும்போது உண்மையான குறுஞ்செய்தியும் வரும், அதே முகத்தோடு பொய்யும் வரும். "உங்களுக்கு ரீஃபண்ட் காத்திருக்கிறது, வங்கி விவரத்தை உறுதி செய்யுங்கள்" என்றால் அது சார்ஸ் இல்லை. அவர்கள் வங்கி விவரத்தைக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களாக சார்ஸின் இணையதளமான ஈஃபைலிங்கில் நுழைந்து பாருங்கள். "பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, சிறு தொகை கட்டவும்" என்பதும் இதே சாதிதான்.

இன்னொன்று நம் ஆட்களுக்கே உரிய கூத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். அதனால் கடன் ஒப்புதல் கடிதமெல்லாம் அப்பா பெயருக்கே வரும். ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் மனிதருக்கு டர்பனில் கார்க் கடன் தயார்! சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

நிஜக் கம்பெனிகளின் தொல்லைக்குச் சட்டம் இருக்கிறது. பொப்பியா என்று சொல்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுதாகச் செல்லுபடி. உங்கள் சம்மதமும் இல்லாமல், நீங்கள் ஏற்கெனவே அவர்களின் வாடிக்கையாளராகவும் இல்லாமல், குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் விளம்பரம் அனுப்பக் கூடாது. தெரிந்த கம்பெனி என்றால் 'ஸ்டாப்' என்று பதில் போடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். மோசடிக்காரனுக்குப் போட்டால் இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி.

சரி, கோஷத்துக்கு வருவோம். நம்மைப் போல வேலை விசாவில் வந்தவர்களுக்கு வாக்கு இல்லை. நிரந்தரக் குடியுரிமம் வாங்கினாலும் இல்லை, குடிமகனானால்தான். ஆனாலும் சில கோஷங்கள் நம்மைத்தான் முதலில் உரசும். ஜூலு மொழியில் 'அபஹம்பே' என்பார்கள், 'அவர்கள் போகட்டும்'. சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைத்தான் சொல்கிறோம் என்று கட்சிக்காரர்கள் விளக்குவார்கள். அட்டையில் அந்த விளக்கத்துக்கு இடமிருக்காது. கூட்டத்தில் நிற்பவர் உங்கள் விசாவை வாங்கிப் பார்த்துவிட்டா கோபப்படுவார்?

எனக்கு அதிகம் வலிப்பது, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நம்மைக் கண்டால் இழுத்து வைத்துப் பிரியாணி போடும் ஆன்ட்டிகளே சில நேரம் இதைச் சொல்வது. அவர்களின் கொள்ளுப்பாட்டன்கள் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி என்று 1895-ல் நேட்டால் அரசு, அதாவது டர்பன் அடங்கிய அன்றைய காலனி அரசு, சட்டம் போட்டது. இந்தியாவோடு செய்த 1927 கேப் டவுன் ஒப்பந்தத்தில், திரும்பிப் போக இனாம் பணம் கொடுத்தார்கள். 1961 வரை இந்தியர்களை இந்த மண்ணின் நிரந்தர மக்கள் என்றே அரசு ஏற்கவில்லை. 'போ' என்ற சொல்லை இவ்வளவு காலம் கேட்ட குடும்பங்கள்! இதை நான் சண்டையாகச் சொல்வதில்லை. "உங்கள் பாட்டியையும் அப்படித்தானே சொன்னார்கள் ஆன்ட்டி?" என்று டீயோடு கேட்பேன். பேச்சு சில நேரம் திசை மாறும்.

மற்ற கோஷங்களுக்கு ரத்தம் கொதிக்க வேண்டியதில்லை. 'லோட் ஷெட்டிங் ஒழிப்போம்' (முறைவைத்து வரும் மின்வெட்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்) என்று எல்லோரும் எழுதினார்கள். பராமரிக்காமல் விட்ட நிலக்கரி ஆலைகள், வருடக்கணக்கில் தாமதமான மெடுபி, குசிலே என்ற புதிய மின் நிலையங்கள், இவற்றை எந்த அட்டையில் எழுதுவது? 2024-ல் 'தென்னாப்பிரிக்காவை மீட்போம்' என்று ஓட்டுக் கேட்ட ஜனநாயகக் கூட்டணிக் கட்சி, யாரிடமிருந்து மீட்பதாகச் சொன்னதோ அந்தக் கட்சியோடே சேர்ந்து அமைச்சரவையில் உட்கார்ந்தது. ஆளும் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு 40 சதவீதம் சொச்சம் வாக்குத்தான் கிடைத்தது, வேறு வழியும் இல்லை. கோஷத்தைக் கூலிக்குத் தயாரித்துக் கொடுத்ததும் உண்டு. லண்டனின் பெல் பாட்டிஞ்சர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம், அன்றைய அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்களின் கம்பெனிக்காக நடத்திய பிரசாரம் இனப்பகையைக் கிளறக்கூடியது என்று 2017-ல் மக்கள் தொடர்பு நிறுவனங்களின் தொழில் சங்கமே அந்த நிறுவனத்தை வெளியேற்றியது. அந்தப் பிரசாரம் பேசிய வெள்ளையர்-கறுப்பர் பொருளாதார ஏற்றத்தாழ்வு என்னவோ நிஜம்தான். அதைச் சாக்காக வைத்துத்தான் அந்தக் கடையை விரித்தார்கள்.

அலுவலகத்தில் யாராவது "நீ யார் பக்கம்?" என்று கேட்டால், எனக்கு ஓட்டு இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் வார்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார், அட்டையில் இல்லாத அரசியலெல்லாம் வெளியே வரும்.

அப்புறம் அந்தத் தண்ணீர் வடிகட்டி. வாசலுக்கு வந்து விற்றதை ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமை உண்டு. ஃபோனில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, எழுத்திலோ பதிவாகும் வேறு வழியிலோ இருக்க வேண்டும். இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.